ராக்கி மலைப் பூங்காவில் ஆர்வி முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டென்வரில் மோட்டார் ஹோம் ஒன்றை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள ஆர்வி எனும் வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளாஸ் சி வகை வண்டியை மனத்தில் வைத்தே எல்லாம் சொல்கிறேன். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த வண்டி. நீளம் 25 முதல் 32 அடி வரை இருக்கும்.

டென்வர் 5,280 அடி உயரம். பூங்கா வாசலில் இருக்கும் எஸ்டெஸ் பார்க் ஊர் 7,522 அடி. உள்ளே இருக்கும் முகாம்கள் 8,000 அடிக்கு மேல். பூங்காவைக் குறுக்கே கடக்கும் டிரெயில் ரிட்ஜ் ரோட்டின் உச்சி 12,183 அடி. இந்த எண்களை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இங்கே ‘வண்டி ரிப்பேர்’ என்று மக்கள் பதறுகிற விஷயங்களில் பெரும்பாலானவை ரிப்பேரே இல்லை. காற்று மெலிந்திருக்கும், அல்லது பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது வண்டி சாய்ந்து நிற்கும். வாடகைக் கம்பெனிக்கு போன் போடும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். பூங்காவுக்குள் சிக்னல் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் மறுமுனையில் இருப்பவர் உங்களைப் பார்க்கச் சொல்லப்போவதும் இதைத்தான்.

வண்டியை ஒப்படைக்கும்போது பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஓட்டமாகக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பேட்டரி வேறு, விளக்கு, ஹீட்டர் போன்றவற்றுக்கான வீட்டுப் பகுதி பேட்டரி வேறு. அந்த வீட்டுப் பேட்டரியின் வோல்ட் எங்கே தெரியும் என்று மறக்காமல் கேளுங்கள். சில வண்டிகளில் எண் காட்டாது, நான்கு விளக்குகள்தான் எரியும். அதை நம்பிப் பயனில்லை. 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 காட்டினால் முழுச் சார்ஜ். 12.1 என்றால் பாதி. அதற்குக் கீழே போனால் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பிக்கும்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை, எஞ்சின் மட்டும் அலறுகிறது

இது இயல்பு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். டிரெயில் ரிட்ஜ் உச்சியை நெருங்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். கியரைத் தாழ்வாகவே வைத்திருக்கும் டோ ஹால் (Tow/Haul) பொத்தானை அழுத்துங்கள், கியர் கீழே இறங்கி எஞ்சின் 4,000 சுற்றில் கத்தட்டும். கத்துவது கெடுதல் இல்லை, உயர்ந்த கியரில் திணறுவதுதான் கெடுதல். பின்னால் கார்கள் வரிசை கட்டினால் அடுத்த ஒதுங்குமிடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள்.

சூடு முள் மேலே ஏறுகிறது

ஏசியை அணையுங்கள். அது போதாவிட்டால் ஜன்னல்களைத் திறந்து, டாஷ்போர்டு ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். அப்போதும் முள் இறங்காவிட்டால் ஒதுக்கி நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு தொடவே கூடாது.

ஏற்றத்தில் எஞ்சினுக்குள் டக்டக் என்று தட்டும் சத்தம்

பெட்ரோல் பங்க்கில் எதைப் போட்டீர்கள் என்று யோசியுங்கள். கொலராடோவில் ‘ரெகுலர்’ என்று விற்பது பல இடங்களில் 85 ஆக்டேன். வண்டியின் கையேடு பெரும்பாலும் 87-க்குக் குறையக் கூடாது என்று சொல்லும். அடுத்த முறை நடுப் பொத்தானை அழுத்துங்கள். பூங்காவுக்குள் பங்க் கிடையாது, கிழக்கே எஸ்டெஸ் பார்க், மேற்கே கிராண்ட் லேக், இரண்டில் ஒன்றில் நிரப்பிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

இறக்கத்தில் கருகிய வாசனை, பிரேக் மிதி ஆழமாகப் போகிறது

ஓட்டும்போது வரும் சிக்கல்களில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது இது ஒன்றுதான்.

டிரெயில் ரிட்ஜ் ரோடு 1932-இல் திறக்கப்பட்டது. சரிவு 7 சதவீதத்தைத் தாண்டாதபடி போட்டிருக்கிறார்கள். அதனால் பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் உச்சியிலிருந்து எஸ்டெஸ் பார்க் வரை 4,600 அடிக்கு மேல் இறங்க வேண்டும். பல இடங்களில் ஓரத்தில் தடுப்பு கிடையாது. ஐந்தாறு டன் எடையுள்ள வண்டியை இவ்வளவு தூரம் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் அது சூடாகிக் கைவிட்டுவிடும்.

உச்சியிலேயே டோ ஹால் போட்டுவிடுங்கள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ இறங்கும்போதும் அதே கியர். மணிக்கு 25 மைல் உங்களுக்குச் சௌகரியம் என்றால், 25-ஐத் தொட்டதும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து 20-க்குக் கொண்டுவந்து, காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டே வரும். மெல்ல மறுபடி 25 ஆகும், மறுபடி ஒரு மிதி. லேசாகக் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் பாதுகாப்பு என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். பிரேக் கருகுவது அப்படித்தான்.

வாசனை வந்துவிட்டதா? முதலில் கண்ணில் படும் ஒதுங்குமிடத்தில் நிறுத்துங்கள். ரெயின்போ கர்வ், மெனி பார்க்ஸ் கர்வ் இரண்டிலும் இடம் இருக்கும். கியரை பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான இரும்பு விரிசல் விடும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். மிதி மறுபடி மேலேயே, கெட்டியாகப் பிடித்தால்தான் நகர வேண்டும். பிடிக்காவிட்டால் இழுவை வண்டிதான், வேறு சமரசம் கிடையாது.

வழிகாட்டிச் செயலி மண் பாதைக்குத் திருப்புகிறது

அது ஓல்ட் ஃபால் ரிவர் ரோடாக இருக்கும். ஒருவழிப் பாதை, ஜல்லி, கொண்டை ஊசி வளைவுகள். 25 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கும் டிரெயிலருக்கும் அங்கே அனுமதி இல்லை. செயலிக்கு உங்கள் வண்டியின் நீளம் தெரியாது. மேலே போக டிரெயில் ரிட்ஜ் ரோடு மட்டும்தான். அதுவும் அக்டோபர் நடுவிலிருந்து மே கடைசி வாக்கில் வரை பனியால் மூடியிருக்கும். பேர் லேக் பக்கம் போவதென்றால் கிளேசியர் பேசின் முகாமுக்கு எதிரே இருக்கும் பெரிய நிறுத்தத்திலிருந்து இலவசப் பேருந்தில் போய்விடுங்கள். ஏரிக்கரை நிறுத்தத்தில் இந்த வண்டியைத் திருப்ப முயல்வது வம்பை விலைக்கு வாங்குவது.

முன்பதிவு செய்த இடத்தில் வண்டி அடங்கவில்லை

30 அடிக்கு மேல் என்றால் ஆஸ்பென்கிளென், டிம்பர் கிரீக் முகாம்கள் இரண்டும் ஆகாது. கிளேசியர் பேசினில் 35, மொரெய்ன் பார்க்கில் 40 அடி வரை. லாங்ஸ் பீக் முகாம் கூடாரத்துக்கு மட்டும். இவை முகாமின் உச்ச வரம்புகள், ஒவ்வொரு இடத்துக்கும் தனி அளவு உண்டு, முன்பதிவுப் பக்கத்தில் அதையும் பாருங்கள். வாடகை விளம்பரத்தில் ‘28 அடி’ என்று போட்டிருந்தாலும் பின்பம்பரும் ஏணியும் சேர்த்து அளந்தால் கூடுதலாக வரலாம்.

பின்னால் எடுக்கும்போது ஒருவர் கண்டிப்பாகக் கீழே இறங்கி நிற்க வேண்டும். அவர் தரையை மட்டும் பார்த்தால் போதாது, பைன் கிளை கூரை ஏசி மேல் இடிக்குமா என்றும் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும். பின்சக்கரத்துக்குப் பின்னால் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்கேற்ப வீச்சும் பெரிது. தண்ணீர்க் குழாய்க் கம்பங்களும் எண் பலகைகளும் அடிபடுவது இதனால்தான்.

டயர் எச்சரிக்கை விளக்கு

விடிகாலையில் எரிந்தால் குளிர். ஓட்டிய பிறகு அழுத்தம் கூடுதலாகக் காட்டினால் சூடும் உயரமும். கடல் மட்டத்தில் நிரப்பிய டயர் 8,500 அடியில் சுமார் 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால். சூடான டயரிலிருந்து காற்றைத் திறந்துவிடாதீர்கள். காலையில், ஓட்டுவதற்கு முன், ஆறிய டயரில் அளப்பதுதான் கணக்கு.

ராத்திரி ஹீட்டர் ஓடுகிறது, ஆனால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது

ஜூலையிலேயே இங்கே இரவில் 5 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கும். பின்னிரவு மூன்று மணிக்குக் குழந்தை அழும்போது இந்தப் பிரச்சினை வரும், அதனால் பகலிலேயே ஒரு முறை ஹீட்டரைப் போட்டு அதன் சத்தங்களைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தெர்மோஸ்டாட்டில் ஒரு கிளிக். பிறகு மின்விசிறி உறுமும். கால் நிமிடம் போல அது மட்டும் ஓடும். அடுத்து சடசடவென்று பொறி தட்டும் சத்தம். உடனே ‘புஸ்’ என்று கேஸ் பற்றும். எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

விசிறி ஓடுகிறது, பொறியே தட்டவில்லை: பேட்டரி. உள்ளே காற்றோட்டத்தை உணரும் ஒரு தகடு இருக்கிறது. விசிறி போதுமான வேகத்தில் சுற்றினால்தான் அது மூடும், மூடினால்தான் கேஸ் திறக்கும். வோல்ட் இறங்கினால் விசிறி சோம்பலாகச் சுற்றும், தகடு மூடாது. ப்ரொபேன் டாங்க் நிறைய இருந்தும் குளிரில் நடுங்குவது இதனால்தான். இந்த ஹீட்டருக்கு கேஸ் இருந்தால் மட்டும் போதாது, விசிறி மட்டுமே ஏழெட்டு ஆம்பியர் குடிக்கும்.

பொறி தட்டுகிறது, பற்றவில்லை: கேஸ் வரவில்லை. டாங்க் வால்வு திறந்திருக்கிறதா பாருங்கள். அடுப்பைப் பற்றவைத்து ஒரு நிமிடம் எரியவிட்டால் குழாயில் அடைத்த காற்று வெளியேறும். இரண்டு மூன்று தடவை பற்றாவிட்டால் ஹீட்டர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள்.

நடு இரவில் பேட்டரி இறங்கியிருந்தால் அதற்கு உடனடி மருந்து கிடையாது, ஜெனரேட்டர் போடவும் அனுமதி இல்லை. ஆகவே முன்மாலையிலேயே வோல்ட்டைப் பாருங்கள். 12.4-க்குக் கீழே இருந்தால், அனுமதி நேரம் முடிவதற்குள் ஜெனரேட்டரை ஓட்டிச் சார்ஜ் ஏற்றுங்கள். தெர்மோஸ்டாட்டை 60 ஃபாரன்ஹீட்டில் வைத்து, கம்பளியைக் கூடுதலாகப் போர்த்திக்கொள்ளுங்கள். நம்மவர்கள் 72-இல் வைத்துவிட்டு அரைக்கை சட்டையோடு தூங்கப் பார்க்கிறார்கள், அந்தப் பேட்டரி விடியும் வரை தாங்காது. அடுப்பை எரியவிட்டுக் குளிர் காயும் யோசனை மட்டும் வரவே கூடாது. மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆளையே கொன்றுவிடும்.

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஆகி நின்றுபோகிறது

பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். ஜெனரேட்டர் வண்டியின் டாங்கிலிருந்தேதான் குடிக்கிறது, ஆனால் அதன் குழாய் கால் டாங்க் மட்டத்தில் முடிந்துவிடும். நீங்கள் காட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வைத்த ஏற்பாடு அது.

பெட்ரோல் இருக்கிறது, ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால் வீட்டுப் பேட்டரி படுத்துவிட்டது. ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் பெரும்பாலும் அங்கிருந்துதான். வண்டி எஞ்சினைப் பத்திருபது நிமிடம் ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டரைப் போடுங்கள்.

பற்றி, புகைந்து, தடுமாறி நின்றால் உயரம். கார்புரேட்டர் உள்ள பழைய மாடல்களில் உயரத்துக்கேற்பத் திருகும் ஒரு குமிழ் உண்டு, அதை 8,000 அடிக்கு நேராக வையுங்கள். கீழே இறங்கியதும் பழைய இடத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள்.

ஓடுகிறது, ஆனால் ஏசி போட்டதும் பிரேக்கர் விழுகிறதா? 4,000 வாட் என்று எழுதியிருந்தாலும் இந்த உயரத்தில் அது 2,900 அளவுக்குத்தான் தரும். ஏசி, மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றில் ஒன்றுதான். முகாமின் எல்லா வரிசையிலும் ஜெனரேட்டருக்கு அனுமதி கிடையாது, இருக்கும் இடத்திலும் காலை மாலை சில மணி நேரம்தான். முகாமின் பெரும்பாலான இடங்களில் மின் இணைப்பும் இல்லை. இடம் பதிவு செய்யும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை

வண்டி சமமாக நிற்கிறதா? கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. சூட்டால் மேலேறிய திரவம் தானாக வழிந்து இறங்கினால்தான் குளிர் வரும். சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கிவிடும், நாள்கணக்கில் அப்படியே விட்டால் ஃப்ரிட்ஜே பாழ். தரையில் ஒரு தட்டை வைத்து நடுவில் எலுமிச்சம்பழத்தை விட்டுப் பாருங்கள். உருண்டு ஓடினால் தாழ்ந்த பக்கச் சக்கரத்தடியில் பிளாஸ்டிக் கட்டைகளைப் போட்டு ஏற்றுங்கள்.

சமமாக நின்றும் ‘செக்’ விளக்கு எரிந்தால் கேஸ் சுடர் அணைந்திருக்கும். 5,500 அடிக்கு மேல் இந்தச் சுடர் தடுமாறும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சூடான சாம்பார்ச் சட்டியை உள்ளே வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைக் குறை சொல்ல வேண்டாம்.

புது வண்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வருகிறது. அதற்குச் சாய்வும் உயரமும் பொருட்டில்லை, ஆனால் ராத்திரி ஹீட்டரோடு சேர்ந்து பேட்டரியைக் காலி பண்ணும்.

பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது

கிளேசியர் பேசின் உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்தால் ராத்திரிச் சாப்பாடு காலையில்தான். பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். வீட்டில் விடுவதைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிந்தால் கேஸுக்கேற்ற காற்று போதவில்லை என்று அர்த்தம், கூரை விசிறியையும் ஒரு ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

சிப்ஸ் பாக்கெட்டும் தயிர் டப்பாவும் உப்பியிருக்கும். கெட்டுப்போகவில்லை, உள்ளே இருப்பது கீழேயிருந்து வந்த காற்று. இட்லி மாவு டப்பாவை மட்டும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு திறங்கள். சமைத்து முடித்ததும் வெளியே எதையும் விட்டு வைக்காதீர்கள், எண்ணெய்ச் சட்டியைக்கூட. கருங்கரடிகள் நடமாடும் இடம் இது, உணவை வெளியே விட்டால் அபராதமும் உண்டு.

குழாயில் தண்ணீர் வரவில்லை, பம்ப் மட்டும் ஓடுகிறது

டாங்க் காலி, அல்லது குழாயில் காற்று. மே, செப்டம்பர் கடைசியில் என்றால் உறைந்திருக்கலாம், பம்பை அணைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து சூடு போகவிடுங்கள். கழிவு டாங்க் ‘நிரம்பியது’ என்றே காட்டிக்கொண்டிருந்தால் சென்சாரில் காகிதம் ஒட்டியிருக்கிறது, அந்த விளக்கை யாரும் நம்புவதில்லை. மொரெய்ன் பார்க், கிளேசியர் பேசின், டிம்பர் கிரீக் மூன்றிலும் கழிவிறக்கும் இடம் உண்டு.

அலாரம்

தரையோரம் இருக்கும் கேஸ் அலாரம் நிமிடத்துக்கொரு முறை சிணுங்கினால் பேட்டரி இறக்கம். விடாமல் அலறினால், கேஸானாலும் கார்பன் மோனாக்சைடானாலும், ஆராய்ச்சி வேண்டாம். எல்லோரும் வெளியே, குழந்தைகள் முதலில். பிறகு டாங்க் வால்வை மூடுங்கள். ஹேர் ஸ்ப்ரேகூட அதை அலறவைக்கும்தான், ஆனால் அதை வெளியே நின்று பேசிக்கொள்ளலாம்.

ஆளுக்கே தலைவலி, குமட்டல்

கடல் மட்டத்து ஊரிலிருந்து விமானத்தில் வந்து அதே நாள் முகாமுக்கு ஏறினால் இது வரும். டென்வரில் ஓரிரவு தங்கி ஏறினால் குறையும். தண்ணீர் நிறையக் குடித்து, முதல் நாள் நடையைக் குறையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறி நடை தடுமாறினாலோ தாமதிக்காமல் கீழே இறங்கி மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை போட்டுப் படுக்கவைக்கிற விஷயமல்ல.

கிளம்பும் நேரத்தில் ஸ்லைடு உள்ளே வரவில்லை

ஸ்லைடு என்பது இடத்தை அகலமாக்க வெளியே நகரும் பக்கச் சுவர்ப் பகுதி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கைபிரேக் போட்டு, அதன் பொத்தானை மறுபடி அழுத்துங்கள். பெரும்பாலும் வோல்ட் குறைவுதான். நடுவில் தடுக்கினால் விட்டுவிட்டு, உள்ளே செருப்போ பொம்மையோ சிக்கியிருக்கிறதா பாருங்கள், கூரைமேல் பைன் கூம்பும் சிக்கும். கையால் சுழற்றும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது அந்த வீடியோவில் இருக்க வேண்டும்.

எஞ்சினே ஸ்டார்ட் ஆகவில்லையா? டாஷ்போர்டில் ‘பேட்டரி பூஸ்ட்’ அல்லது ‘எமர்ஜென்சி ஸ்டார்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் வீட்டுப் பேட்டரி கை கொடுக்கும். இரண்டு பேட்டரியும் படுத்திருந்தால் பக்கத்து வண்டிக்காரரிடம் ஜம்பர் கேபிள் கேளுங்கள். இந்த முகாம்களில் காலை ஏழு மணிக்குக் காபிக் கோப்பையோடு யாராவது ஒருவர் வெளியே நின்றுகொண்டுதான் இருப்பார்.